மேடையில் செருப்புக்கு இடமில்லை

எங்கள் சங்கத்து மேடைக்கு மூன்று படிகள். படிகளின் இடது பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். எழுபதுகளில் தென் கல்கத்தாவில் இருந்த தமிழர்கள் பலருக்கு என்னை அப்படித்தான் நினைவிருக்கும்: மடியில் நிகழ்ச்சி நிரல், கையில் டார்ச் விளக்கு, பார்வை மட்டும் மற்றவர்கள் காலில். மேடையின் வலது ஓரத்தில் பிள்ளையார் படமும் குத்துவிளக்கும் இருந்ததால் அங்கே செருப்போடு ஏறக் கூடாது என்பது சட்டம். சட்டத்தைப் போட்டவள் நான் அல்ல. ஆனால் நான் மேடைப் பொறுப்பை ஏற்கும்வரை அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கரியாஹாட்டில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. அங்கே மேனேஜர் சொன்னாலும் சரி, ஹெட் கிளார்க் சொன்னாலும் சரி, கவுன்ட்டருக்கு வெளியே நிற்கிறவர் சொன்னாலும் சரி, நான் தலையாட்டியாக வேண்டும். திங்கள் முதல் சனி வரை வாயைத் திறக்க முடியாத ஆத்திரத்தை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று படிகளில் தீர்த்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்த பெரிய கம்பெனி அதிகாரியையும் நான் விடவில்லை. அவர் தயங்கித் தயங்கி ஷூவைக் கழற்றினார். காலுறையில் ஓட்டை, கட்டை விரல் முழுசாக வெளியே வந்து சபையைப் பார்த்தது. அவர் பேசிய அரை மணி நேரமும் முன்வரிசைப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

சங்கத்தில் ஒரு நாடகக் குழு இருந்தது. இன்சூரன்ஸ் அதிகாரி ஒருவர் வருஷத்துக்கு ஒரு நாடகம் எழுதி அவரே இயக்குவார். ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு ஒத்திகை நடக்கும். டிராம் போகும்போதெல்லாம் வசனத்தை நிறுத்தி, அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். அங்கேதான் ஹவில்தார் வந்து சேர்ந்தார்.

அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். வேலூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். பட்டாளத்திலிருந்து சீக்கிரமே வெளியே வந்து, டல்ஹௌசியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் விசாரணைக் கவுன்ட்டரில் வேலை பார்த்தார். எப்போதும் கால்சட்டை, பளபளவென்று கறுப்பு ஷூ. நடையில் கொஞ்சம் விறைப்பு உண்டு. பட்டாளத்து நடை போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம். வேடிக்கை பார்க்க வந்தவரை டைரக்டர் ஒரு நாள் ஆள் குறைகிறதே என்று சம்பந்தி வேஷத்துக்கு வசனம் படிக்கச் சொன்னார். பெண் வீட்டில் எதைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடிக்கும் மாப்பிள்ளையின் அப்பா வேஷம். அவர் படித்த முதல் பக்கத்திலேயே எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. முகத்தில் சிரிப்பே இல்லாமல், அணிவகுப்பைப் பார்வையிடும் கர்னல் மாதிரி சீர்வரிசைத் தட்டுகளைப் பார்வையிட்டார். வேஷம் அவருக்கே என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

ஒரே ஒரு குறை சொல்வார்கள் அவரைப் பற்றி. யார் வீட்டுக்கும் வர மாட்டார். நவராத்திரிக்கு அழைத்தால் மனைவி மட்டும் வந்து வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போவாள். சாப்பிட அழைத்தால் ஆபீசில் வேலை என்பார். லேக் பக்கத்துக் கோயிலிலும் மனைவியை உள்ளே அனுப்பிவிட்டுத் தெருவில் நின்றபடியே கும்பிடுவதைப் பார்த்திருக்கிறோம். கொஞ்சம் தலைக்கனம் என்று பேசிக்கொண்டோம். முக்கால்வாசி பேசியது நான்.

வேஷத்தோடு மேடையில் முதல் ஒத்திகை. கோட்டு, அங்கவஸ்திரம், கைத்தடி எல்லாவற்றோடும் ஹவில்தார் படியருகே வந்தார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஹவில்தார் சார், ஷூ."

அவர் நின்றார். "நாடகத்துல சம்பந்தி ஷூ போட்டுகினுதாம்மா வர்றாரு" என்றார்.

"நாடகத்துல அவர் விமானத்துல கூட வரட்டும். இங்க பிள்ளையார் இருக்கார்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உற்சாகமாகிவிட்டது. "எல்லாருக்கும் ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?" என்று குரலை உயர்த்தியும் கேட்டேன். அவர் பிள்ளையார் படத்தைப் பார்த்தார். படிகளைப் பார்த்தார். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஹாலின் நடுவழியே நடந்து வெளியே போனார். வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவார் என்று நினைத்தோம். அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. டைரக்டரே கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு சம்பந்தியாக நடித்தார். எங்கே சிரிக்க வேண்டும் என்று சபைக்குக் கடைசிவரை தெரியவில்லை. "பட்டாளத்துத் திமிர், பிள்ளையாருக்குக் கூட ஷூவைக் கழற்ற மாட்டாராம்" என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

ஒரு வருஷம் போயிற்று. வங்காளதேசச் சண்டை முடிந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பாரா கிளப்புகள், அதாவது பேட்டைக்குப் பேட்டை இருக்கும் இளைஞர் சங்கங்கள், தங்கள் பேட்டையின் பழைய ராணுவ வீரர்களைக் கூப்பிட்டு மாலை போட்டுக்கொண்டிருந்தன. நாம் மட்டும் கச்சேரியும் பட்டிமன்றமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று எங்கள் செயற்குழுவுக்கு ரோஷம் வந்தது. அடுத்த பொங்கல் விழாவில் நகரத்திலிருக்கும் தமிழ் ராணுவத்தினருக்குப் பொன்னாடை போர்த்துவதாகத் தீர்மானம் ஆயிற்று. விசாரித்ததில் ஏழு பேர் கிடைத்தார்கள். வங்கிக் காவலர் இரண்டு பேர், ஒரு டிரைவர், லிஃப்ட் இயக்குபவர் ஒருவர், ஓய்வாக வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பேர், ஏழாவதாக ஹவில்தார். எல்லோருக்கும் நான்தான் கடிதம் எழுதினேன். ஆறு பேர் மகிழ்ச்சியோடு வருகிறோம் என்று எழுதினார்கள். ஹவில்தாரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "வணக்கம். என்னால் வர இயலாது. மன்னிக்கவும்."

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. கார்டைப் படித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். "நீ விரட்டின ஆள். நீயே போய்க் கூட்டிண்டு வா" என்றார்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனாலும் ஒரு ஞாயிறு காலையில் போனேன். பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்து. தரைத்தளத்தில் ஒரே அறையும் சமையல் தடுப்பும். திறந்த கதவுக்கு வெளியே அவருடைய கறுப்பு ஷூவில் வலது கால் மட்டும் இருந்தது. மற்றதை எங்கே எறிந்தாரோ, மேடையில் ஷூவைக் கழற்ற மாட்டாதவர் வீட்டில் இந்த லட்சணத்தில்தான் வைத்திருக்கிறார் என்று மனசுக்குள் நொடித்துக்கொண்டேன். என் செருப்பை அதற்குப் பக்கத்தில் விட்டுவிட்டு உள்ளே பார்த்தேன்.

இடது ஷூ அறைக்குள் இருந்தது. சுவர் ஓரமாக, ஒரு காலோடு சேர்ந்து நின்றுகொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள அளவுக்கு ஒரு கால், மேலே தோல் பட்டை, கீழே காலுறை, அதற்குக் கீழே லேஸ் கட்டிய ஷூ. கட்டிலில் ஹவில்தார் லுங்கியோடு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். லுங்கியின் ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாக மடங்கிக் கிடந்தது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. போர்வையை எடுக்கக் கையை நீட்டிப் பிறகு விட்டுவிட்டார். சமையல் தடுப்பிலிருந்து வந்த அவர் மனைவிதான் "உள்ள வாம்மா, நிக்கிறியே" என்று பாயைப் போட்டாள்.

அறுபத்தைந்து பாகிஸ்தான் சண்டையில் பஞ்சாப் எல்லையில் கண்ணிவெடி. அதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். ஷூவைப் பற்றித்தான் விளக்கமாகச் சொன்னார்.

"புனாவுல அளவெடுத்து செஞ்சு குடுத்த காலும்மா இது. ஷூ குதிகால் எவ்ளோ ஒசரமோ அதுக்கு ஏத்த மாதிரி பாதத்தைச் சாய்ச்சு வெச்சிருக்காங்க. ஷூவக் கழட்டினா குதிகால் தாழ்ந்துடும், ஆளு பின்னால சாய்ஞ்சிடுவேன். வீட்ல காலையே கழட்டிட்டு தவ்வித் தவ்விப் போயிடுவேன். இன்னொருத்தர் வீட்ல அப்பிடி முடியுமா?"

ஒவ்வொன்றாக என் மண்டையில் உறைத்தது. வராத நவராத்திரிகள், சாப்பிடாத விருந்துகள், தெருவில் நின்ற கும்பிடு. செருப்பை வாசலில் விடும் ஜனங்களுக்கு நடுவில் இந்த மனிதருக்குப் போக இருந்தது ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையும் ஒரு மேடையும்தான். மேடையை நான் மூடிவிட்டேன். அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க சார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நீ தப்பா ஒண்ணும் சொல்லலியே. சாமி இருக்கற எடத்துல ஷூ போட்டுகினு ஏற எனக்கே மனசு ஒப்பல. அதான் திரும்பிட்டேன்." செய்தித்தாளை மடித்துக் கட்டிலில் வைத்தார். "சொன்னா இன்னா ஆவும்? ரெண்டு பேரு ஓடி வந்து கையப் புடிச்சு ஏத்தி வுடுவாங்க. அப்பறம் நான் சம்பந்தி வசனம் பேசினா எவன் சிரிப்பான்? ஐயோ பாவம்னு உச்சு கொட்டுவான். ஆபீஸ்ல அத்தினி பேருக்கும் தெரியும். வர்றவன் எல்லாம் மொதல்ல கவுன்ட்டருக்குக் கீழ எட்டிப் பாக்கறான், அப்பறம்தான் என் மூஞ்சிய. எங்கியாச்சும் ஒரு எடத்துல நான் சும்மா ஒரு ஆளா இருக்கலாம்னு நெனச்சேம்மா."

அவர் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒத்திகைக்குப் போயிகினு இருந்தப்ப வீட்ல ஒரே கூத்தா இருக்கும். எனக்குத்தான் சம்பந்தி வசனமெல்லாம். சாம்பார்ல உப்பு கம்மின்னு கூட அந்தக் கொரல்லதான் சொல்வாரு. இப்ப ஆபீஸ் வுட்டா வீடு. மெட்ராஸ் பக்கமே போயிடலாம்னு மாத்தல் மனு எழுதி வெச்சிருக்காரு. பொங்கல் கழிச்சுக் குடுக்கப் போறாராம்."

மனு செய்தித்தாளுக்கு அடியில் இருந்தது. அவர் அதை மறைக்க முயலவில்லை. யாரிடமும் காலைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று மட்டும் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்துவிட்டேன். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டபோதுதான் அந்தச் சத்தியத்தின் கனம் தெரிந்தது. சட்டத்தை மாற்ற வேண்டும். ஏன் என்று சொல்லக் கூடாது. அதுவும் நான்.

அடுத்த செயற்குழுவில், இனிமேல் மேடையில் செருப்பை அனுமதிக்கலாமே என்று ஆரம்பித்தேன். யாரோ கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஜனவரிக் குளிரில் மேடைப் பலகை ஜில்லென்று இருக்கிறது என்றேன். ஜமக்காளம் விரிப்போம் என்றார்கள். மைக் ஒயரில் கால் பட்டால் ஷாக் அடிக்கும் என்றேன். ஒயரை மாற்றுவோம் என்றார்கள். ஆணி குத்தும் என்றேன். "எட்டு வருஷமா குத்தாத ஆணி இப்பத்தான் குத்தப் போறதா? பெரிய பெரிய மனுஷாளை எல்லாம் வெறுங்காலோட நிக்க வெச்சவ நீ. அப்ப எங்கே போச்சு இந்த ஆணி?" என்றார் தலைவர். மேடைப் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்று ஒருவர் முனகியதும் காதில் விழுந்தது. என் வாழ்க்கையில் நியாயம் என் பக்கம் இருந்தும் வாயடைத்துப் போனது அந்த ஒரு நாள்தான்.

வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழ் வீட்டு பௌதி, எனக்கு அண்ணி முறையாகிவிட்ட வங்காளிப் பெண்மணி, மீன் கழுவிக்கொண்டே என்ன விஷயம் என்று கேட்டாள். கால் விஷயத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னேன். "பாட்டும் நாடகமும் நடக்கிற மேடையில் கடவுளை எதற்கு ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்? எங்கள் பாராவில் டாக்குருக்கு, அதாவது சாமிக்கு, தனிப் பந்தல். ஃபங்ஷன் மேடை வேறு. பாடுகிறவன் எதைப் போட்டுக்கொண்டு ஏறினால் யாருக்கென்ன?" என்றாள். இத்தனை வருஷம் காளி பூஜையும் துர்கா பூஜையும் பார்த்த கண்தான் எனக்கும். தோன்றவில்லையே.

இந்தத் தடவை நான் செயற்குழுவுக்கு நேராகப் போகவில்லை. முதலில் மாதர் குழுவிடம் போனேன். பிள்ளையாரை ஹால் வாசலுக்குக் கொண்டுவந்து, தனி மண்டபம் கட்டி, பூ அலங்காரம் செய்து, முன்னால் எவ்வளவு பெரிய கோலம் வேண்டுமானாலும் போடலாம் என்றேன். மேடை ஓரத்தில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் கோலம் போட்டு, திரை இழுக்கும்போதெல்லாம் அது கலைந்து போவதைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் அவர்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒன்பது பெண்கள் திரண்டு வந்தார்கள். தலைவரால் ஐந்து நிமிஷம் கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தீர்மானம் நிறைவேறியபின் அவர் சந்தேகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப மேடைல?"

"மேடை இனிமே வெறும் பலகைதானே சார்" என்றேன், முடிந்த அளவு அப்பாவியாக.

மறுநாள் வங்கியிலிருந்து நேரே பாலிகஞ்ச் சந்துக்கு ஓடினேன். பிள்ளையார் வாசலுக்கு வந்துவிட்டார், மேடையில் இனிச் சாமி இல்லை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். ஹவில்தார் சற்று யோசித்தார். பிறகு அந்தச் சம்பந்திக் குரலில் சொன்னார்: "எனக்கு மாத்தல் வேணாம்னு சாமிக்கு மாத்தல் போட்டுட்டியாம்மா." அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பொங்கல் விழா அன்று வாசல் மண்டபத்தில் பிள்ளையார் முன்பைவிட நன்றாகவே இருந்தார். கோலம் படிக்கட்டைத் தாண்டி நடைபாதைவரை போயிருந்தது. ஹால் நிரம்பி வழிந்தது. ராணுவத்தினர் ஏழு பேரையும் வரிசையாகப் படியருகே நிறுத்தினேன். தலைவர் மைக்கில் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். சட்டத்தை எடுத்துவிட்டோம், பழக்கத்தை யார் எடுப்பது? முதலில் நின்ற வங்கிக் காவலர் படியைப் பார்த்ததும் குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டாமவரும் கழற்றினார். டிரைவர், லிஃப்ட்காரர், ஒருவர் விடாமல் கழற்றி, பட்டாளத்து ஒழுங்கில் ஜோடி ஜோடியாக வரிசையாக வைத்தார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர் ஒற்றைக் காலில் நின்று லேஸை அவிழ்த்தார். கடைசியில் நின்ற ஹவில்தார் அந்த வரிசையைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் அவர் பெயரை வாசித்ததும் படியில் காலை வைத்துவிட்டார்.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இவர் மட்டும் ஷூவோட ஏறறாரே." இன்னொரு குரல்: "எல்லாரும் கழட்டலையா? இவருக்கென்ன தனியா?" என் பழைய வசனம் என்னிடமே திரும்பி வந்தது. ஹாலில் இருந்த தலைகள் எல்லாம் மெல்ல அவர் காலை நோக்கித் திரும்பின. அவர் இரண்டாம் படியில் நின்றுவிட்டார். இன்னும் ஒரு நொடி போனால் இறங்கிவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. இறங்கினால் அவர் எங்களிடம் திரும்பவே மாட்டார் என்பதும் தெரிந்தது.

பொன்னாடைத் தட்டு என் கையில் இருந்தது. என் காலில் கரியாஹாட் நடைபாதையில் வாங்கிய ரப்பர் செருப்பு. நாற்காலியில் உட்கார்ந்தே பழகியவள் ஆனதால் அதைக் கழற்றத் தேவை வந்ததில்லை. அதோடு அப்படியே படியேறினேன். ஹவில்தாரை ஒட்டி மேலே போய், மேடை நடுவுக்கு நடந்தேன். பலகை மேடை, ரப்பர் செருப்பு. மைக் எல்லாவற்றையும் பிடித்து ஹால் முழுக்கக் கேட்க வைத்தது. டப், டப், டப்.

ஹால் வெடித்தது. என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அங்கே இருந்தார்கள். "பாருங்கோ, சட்டமே செருப்பு போட்டுண்டு நடக்கறது" என்றார் ஒருவர். "அம்மா, பிள்ளையார் பாக்கறார்" என்றார் இன்னொருவர். முன்வரிசைப் பெண்கள் முந்தானையை வாயில் வைக்கக் கூட நேரமில்லாமல் சிரித்தார்கள். தலைவர் மைக்கை மூடிக்கொண்டு "என்னம்மா இது" என்றார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அழாமல் இருக்கத் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் ஒரு கண் கூட ஹவில்தார் பக்கம் இல்லை. அவர் மூன்றாம் படியையும் ஏறி, வரிசையில் தன் இடத்தில் வந்து நின்றிருந்தார். பொன்னாடை போர்த்தும்போது எல்லோருக்கும் விழுந்த அதே கைதட்டல்தான் அவருக்கும் விழுந்தது. அதைவிட ஒரு தட்டு கூட அதிகம் இல்லை. அவருக்கு வேண்டியதும் அதுதான்.

மாற்றல் மனு கொடுக்கப்படவில்லை. என்னைச் 'செருப்பு மேடம்' என்று ரொம்ப நாள் கூப்பிட்டார்கள்; கோபம் வரும், விழுங்கிக்கொள்வேன். காலைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. எண்பதுகளின் கடைசியில் அவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போனபோது, வழியனுப்பும் கூட்டத்தில் அவரே கால்சட்டையைத் தூக்கிக் காட்டிச் சொல்லிவிட்டார். அதனால்தான் இதை இப்போது எழுத முடிகிறது. முதிர்ந்து தளர்ந்துபோயிருந்த தலைவர் அன்று என்னைப் பார்த்து, "ஆணி குத்தும்னியே, இதுவா?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் எனக்குள் அழியாமல் நிற்பது பொன்னாடை போர்த்திய மூன்றாம் மாதம், சித்திரைப் புத்தாண்டு விழா. பழைய நாடகத்தையே தூசு தட்டி எடுத்தோம். சம்பந்தி வேஷத்தில் ஹவில்தார். அவர் வாயைத் திறந்த நிமிஷத்திலிருந்து ஹால் அவருடையது. இரண்டாம் காட்சியில், காப்பி ஆறிப் போயிருக்கிறது என்று கோபித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து விருட்டென்று எழ வேண்டும். எழுந்தார். ஜமக்காளத்தில் ஷூவின் குதிகால் வழுக்கிற்று. மல்லாந்து விழுந்தார்.

பலகை அதிர்ந்தது. திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த நான் ஓடிப்போய்த் தூக்க ஓர் அடி எடுத்து வைத்துவிட்டேன். படுத்தபடியே அவர் என்னைப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே, சபைக்குத் தெரியாமல், உள்ளங்கையை விரித்து நில் என்று காட்டினார். நான் நின்றேன். நிற்பதற்கு அவ்வளவு பலம் வேண்டியிருந்தது.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, குரலில் ஒரு பிசிறும் இல்லாமல் சொன்னார்: "காப்பிதான் ஆறிப் போச்சுன்னு நெனச்சேன். உங்க வீட்டு ஜமக்காளத்துக்கும் மரியாதை தெரியலையே." பிறகு திகைத்து நின்ற பெண் வீட்டுக்காரரை நோக்கிக் கையை நீட்டினார். "என்ன வேடிக்கை பாக்கறீர்? தூக்கி விடும். பெண்ணைக் குடுக்கறவர்னா இதெல்லாம் செஞ்சுதான் ஆகணும்." பெண் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினார். "கோட்டைத் தட்டிவிடும்" என்றார் இவர். தட்டிவிட்டார். "பின்னாலயும்" என்றார்.

ஹால் குலுங்கிற்று. பின்வரிசையில் எழுந்து நின்று சிரித்தார்கள். ஹவில்தாரின் மனைவி நடுவரிசையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாடகம் முடிந்ததும் டைரக்டர் ஒப்பனை அறைக்கு ஓடி வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "அந்த விழற கட்டம் பிரமாதம் சார். சொல்லவே இல்லையே. அடுத்த மாசம் ஜாம்ஷெட்பூர்ல போடறோம், அதை விட்டுடாதீங்க" என்றார். நான் பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த ஹவில்தார் என்னை முந்திக்கொண்டு, "அதுக்கின்னா சார், வுழுந்துட்டாப் போவுது" என்றார்.

ஜாம்ஷெட்பூரில் வேண்டுமென்றே விழுந்தார். அங்கே இதைவிட அதிகம் சிரித்தார்கள்.